ரோசா எழுவான் பக்கம், கொடி படுவான் பக்கம்: மட்டக்களப்பு வளவில் ரோசா வைப்பவர்களுக்கு

முதல் வருடம் ஆறு ரோசாக் கன்றுகள் வாங்கினேன். ஏழாவது, கொக்கட்டிச்சோலை மாமி தன் வேலியோரம் நின்ற செடியில் முறித்துத் தந்த ஒரு தடி. அடுத்த ஓகஸ்ட் முடிவதற்குள் காசு கொடுத்து வாங்கிய ஆறும் செத்தன. தடி மட்டும் தழைத்து நின்றது. அதற்குப் பிறகு மூன்று வருடம் கேட்டும் பார்த்தும் பிழைவிட்டும் பிடித்துக்கொண்டதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னைப்போல ஆறு கன்றின் காசை மணலில் புதைக்க வேண்டாம்.

1. ‘ஹார்டி’ என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்

கனடாவில் இருக்கிற என் மச்சாள் ஒவ்வொரு ஜூனிலும் தன் தோட்டத்துப் படம் அனுப்புவாள். வாசல் வளைவு முழுக்கக் கொடி ரோசா, இடையிடையே ஊதாப் பூவோடு கிளெமாட்டிஸ் கொடி. “மைனஸ் முப்பத்தஞ்சிலயும் சாகாதது உங்கட வெயிலுக்கா சாகப்போகுது?” என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிழையே அங்கேதான் தொடங்கியது.

அவள் வைத்திருப்பது ‘எக்ஸ்புளோரர்’ வகை. ஒட்டாவாவில் அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், பனியைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியவை. ஜோன் கபொட் (1978), வில்லியம் பஃபின் (1983) இரண்டும் அதில் பேர்போன கொடி ரோசாக்கள். அவற்றின் சீட்டில் ‘ஹார்டி, வலயம் 3’ என்று போட்டிருக்கும். ஹார்டி என்றால் தாங்கி நிற்கும் செடி. வலயம் 3 என்றால் குளிர்காலத்தில் மைனஸ் 40 முதல் மைனஸ் 34 பாகை செல்சியஸ் வரை இறங்கும் இடம். அந்தச் சீட்டு சொல்வது அவ்வளவுதான். வெயிலைப் பற்றியோ, உப்புத் தண்ணீரைப் பற்றியோ, இரவிலும் வேர்த்து வடிகிற எங்கள் சித்திரை மாதத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இலையை உதிர்த்து மாதக்கணக்கில் உறங்கி எழுந்து பழகிய செடிக்கு இங்கே உறக்கமே கிடைப்பதில்லை.

இதைவிட மோசமான தூண்டில் ருகோசா ரோசா. கடற்கரை மணலில் வளரும், உப்புக்காற்றைத் தாங்கும், மருந்தே தேவையில்லை என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மை. கல்லடிக் கடற்கரையை நினைத்து எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அந்தக் கடற்கரைகள் வட ஜப்பானிலும் கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் இருக்கின்றன. மணல் ஒன்றுதான், காற்று வேறு.

நுவரெலியாக் கன்றுக்கும் இதே கதை. நுவரெலியாவிலிருந்து பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதி ஒன்றுதான், ஒரே நாளில் வந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு நாளில் கன்று 1,868 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு வந்து சேருகிறது. நான் வாங்கிய ஆறில் நான்கு அப்படி வந்தவை. வந்தபோது விரல் தடிப்பில் தண்டு, கை அகலப் பூ. மூன்றாம் மாதம் பூ ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிறுத்தது. ஐந்தாம் மாதம் நுனியிலிருந்து கருகிக்கொண்டு கீழே வந்தது.

ஆகவே முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. ஆடி மாதம், கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற ஒரு பின்னேரம், உங்கள் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். எந்த வீட்டு ரோசா அப்போதும் பச்சையாக நிற்கிறதோ அதுதான் உங்கள் ஊருக்கு ஹார்டி.

2. இடத்தைத் தீர்மானியுங்கள்

ரோசாவுக்கு முழு நாள் வெயில் வேண்டும் என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர் நாட்டுக் கணக்கு. இங்கே காலை வெயில் ஐந்து ஆறு மணித்தியாலம் போதும். ஒரு மணிக்குப் பிறகு நிழல் விழ வேண்டும். அதாவது வீட்டின் எழுவான் பக்கம், சூரியன் எழுகிற கிழக்கு. எழுவான்கரை, படுவான்கரை என்று வாவியின் இரு கரைக்கும் பெயர் வைத்திருக்கிற ஊரில் இதை ஞாபகம் வைத்திருப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. மலையைத் தாண்டி ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, வெறும் சூடாக இறங்குகிற காற்று. மே முதல் ஓகஸ்ட் வரை அது நேரே படுகிற இடத்தில் ரோசாவை வைத்தால், இலையின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கத்துக்குத்தான் கொடி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று: மார்கழியில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் எந்த இடத்தில் தவளை கத்துகிறது என்று தெரிந்தால் அந்த இடம் வேண்டாம்.

3. எந்த வகை?

பெயர் தெரியாமலேயே எங்கள் ஊரில் பல தலைமுறையாக நிற்கிற இளஞ்சிவப்பு நாட்டு ரோசாதான் முதல் தெரிவு. பூ தட்டையாக, இதழ் நெருக்கமாக, நல்ல வாசமாக இருக்கும். பறித்தால் ஒரு நாளில் உதிரும், மாலை கட்டவும் சாமிக்கு வைக்கவும் போதும். எட்வர்ட் ரோசா என்று சொல்லப்படுவதும் இந்தக் குடும்பத்துக்குக் கிட்ட வரும். அது பூர்பொன் வகை, இந்து சமுத்திரத்து ரியூனியன் தீவில் தோன்றிய இனம். வெப்பம் அதற்குப் புதிதில்லை.

அடுத்தது கொத்துக் கொத்தாகப் பூக்கிற சின்ன ரோசா. பட்டன் ரோசா என்றும் கேட்டு வாங்கலாம். சாடிக்கு மிக நல்லது. மூன்றாவது, சைனா ரோசா வழி வந்தவை. இவை வருடம் முழுக்கப் பூக்கும், உறக்கம் கேட்காது.

ஒற்றைத் தண்டில் பெரிய பூ பூக்கிற ஹைபிரிட் டீ வகை வேண்டுமென்றால் ஒன்று வாங்குங்கள், சாடியிலேயே வையுங்கள், இரண்டு வருடம் இருந்தால் இலாபம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கறுஞ்சிவப்பை மட்டும் தவிர்த்தால் நல்லது. அதன் இதழ் ஓரம் எங்கள் வெயிலில் கருகும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு அவ்வளவு கருகாது.

4. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். ஒட்டுக்கன்று என்றால் அடித்தண்டில் முழங்கால் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்துக்குக் கீழே இருந்து துளிர் வந்திருந்தால் அது ஒட்டுக்கட்டையின், அதாவது வேருக்காக வைத்த வேறு ரோசாவின் துளிர். விட்டால் அதுவே முழுச் செடியாகி, மேலே ஒட்டியது செத்துப்போகும். அப்படித் துளிர்த்த கன்றை விற்றுவிடத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் வெட்டாமல், அடியோடு பிய்த்து எடுங்கள்.

பைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். சில இடங்களில் நேற்றுத்தான் பிடுங்கிப் பைக்குள் வைத்து விற்கிறார்கள். தண்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் மண்ணோடு சேர்ந்து வர வேண்டும், தனியாக உருவிக்கொண்டு வரக்கூடாது.

எனக்கு நடந்த இன்னொரு கூத்து. “கொடி ரோசா” என்று சொல்லி ஒரு திருவிழாக் கடைத்தெருவில் 600 ரூபாய்க்கு ஒன்று தந்தார்கள். றோஸ் நிறத்தில் சின்னச் சின்னப் பூ. மூன்று மாதத்தில் மதிலை மூடி, பக்கத்து வீட்டு முருங்கையில் ஏறிவிட்டது. அது ரோசாவே இல்லை, ஆண்டிகோனன் என்கிற கொடி. நிலத்துக்குள் கிழங்கு வைக்கும், வெட்ட வெட்ட வரும். இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடையாளம் இலகு: ரோசாவின் இலைக்காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும், தண்டில் பெரும்பாலும் முள் இருக்கும். ஆண்டிகோனனுக்கு இதய வடிவத்தில் ஒற்றை இலை, முள் கிடையாது, சுருண்டு பிடிக்கிற தந்து இருக்கும்.

பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அதில் வகையின் பெயர், ஒட்டா தடியா என்பது, திகதி, மூன்றும் எழுதச் சொல்லுங்கள். பத்துக் கடையில் ஒன்பது கடையில் சிரிப்பார்கள், எழுதித் தருகிற அந்த ஒரு கடைக்குத் திரும்பப் போங்கள்.

5. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதாகச் சொன்னால்

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மச்சாள் ஈரத்துணியில் சுற்றி ஒரு தடி கொண்டுவருகிறேன் என்று நின்றாள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, நடுவதற்கான செடியோ தடியோ நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். அனுப்புகிற நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் கூட வர வேண்டும். கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டியாக வேண்டும். மண்ணோடு கொண்டுவர முடியவே முடியாது. இவ்வளவு அலைச்சலும் இங்கே ஆறு மாதம் நிற்காத ஒரு செடிக்காக.

6. குழியும் மண்ணும்

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கம் என்றால் உங்களிடம் இருப்பது மண் அல்ல, மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு வேரை விட்டுக் கீழே போயிருக்கும். படுவான்கரையில் களி கலந்த மண் என்றால் பிரச்சினை தலைகீழ்: தண்ணீர் போகாது.

மணலில் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் குழி வெட்டுங்கள். அடியில் பொச்சுமட்டையை உட்குழி மேலே பார்க்கிற மாதிரி ஒரு அடுக்கு வையுங்கள், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தென்னங்கன்றுக்குச் செய்கிற அதே வேலைதான். அதன்மேல் செம்மண் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, வெட்டிய மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். எரு பழையதாக, கையில் எடுத்தால் உதிர்வதாக, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும்.

மட்டையிலும் தும்புத்தூளிலும் ஒரு பொறி இருக்கிறது. வாவித் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்ததென்றால் அதில் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பிழியுங்கள். தேயிலைச் சாயம் மாதிரி வருகிற தண்ணீர் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தரம் செய்யுங்கள்.

செம்மண் டிப்பரில் எடுக்கிறவர்கள் கவனம். மண், மணல், கிறவல் எதை ஏற்றினாலும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் லொறியில் இருக்க வேண்டும். இல்லாமல் மலிவாக வருகிறதென்றால் வழியில் பிடிபட்டால் உங்கள் முற்பணமும் போகும். நாலைந்து செடிக்கு டிப்பர் எதற்கு? பூக்கன்றுக் கடையில் உரப்பைக் கணக்கில் வாங்குங்கள்.

நடும்போது ஒட்டு வீக்கம் மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். இணையக் காணொளிகளில் ஒட்டை மண்ணுக்குள் புதைக்கச் சொல்வார்கள். அது பனியில் ஒட்டு செத்துவிடாமல் இருப்பதற்கு. இங்கே புதைத்தால் மார்கழி ஈரத்தில் அழுகும். இலையுதிர்காலத்தில் அடியில் மண் குவிப்பது, ஓகஸ்ட்டோடு உரத்தை நிறுத்துவது, எல்லாமே அந்த ஊர் வேலை, நமக்கு இல்லை.

7. தண்ணீர்

இதில்தான் என் ஆறில் இரண்டு போயின. எங்கள் கிணறு மாரியில் நல்ல தண்ணீர், ஆவணியில் லேசான உவர். தேத்தண்ணி போட்டால்தான் தெரியும். செடிக்கு அது முதலே தெரிந்துவிட்டது. மண்சாடியின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பு. ரோசா உப்பைத் தாங்காது. இலை நுனி காய்ந்து, ஓரம் வழியாக உள்ளே வந்தால் உப்பை முதலில் சந்தேகியுங்கள்.

செய்ய வேண்டியது: கோடையில் குழாய்த் தண்ணீரோ, தாங்கியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். கிணறுதான் கதி என்றால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிச் சாடியின் அடியால் ஓட விடுங்கள், உப்புக் கரைந்து போகும்.

நிலத்தில் நிற்கும் செடிக்குக் கோடையில் நாளைக்கு அரை வாளி, சாடிக்கு ஒவ்வொரு காலையும், கச்சான் நாட்களில் பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு இன்னொரு தரம். அடியில் மட்டும் ஊற்றுங்கள். பொழுதுபட்ட பிறகு இலையை நனைக்காதீர்கள்: ஏழு மணித்தியாலம் இலை ஈரமாக இருந்தால் போதும், கரும்புள்ளி நோய் தொற்றிவிடும். மாரியில் அது எப்படியும் வரும். புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள், எருக்குழிக்குள் போடாதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. கச்சான் காலத்தில் இலை சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, அடிப்பக்கம் மெல்லிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணி. மருந்து தேடி ஓடாதீர்கள். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள், நாலு நாள் தொடர்ந்து. பெரும்பாலும் அதோடு போய்விடும். போகாவிட்டால் உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கள்.

8. துணைக்கொடி

மச்சாளின் ஊரில் கிளெமாட்டிஸை ரோசாவுக்கு மேலேயே ஏற்றிவிடுகிறார்கள். அது மெல்லிய கொடி, பனி அதை அடக்கி வைக்கிறது. இங்கே கொடியை அடக்கப் பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோசாவின் மேல் ஏற்றினால் ஒரு மாரியில் ரோசாவைத் தேட வேண்டும்.

ரோசாவோடு ஒன்றாக வைக்கக்கூடிய ஒரே கொடி என் கணக்கில் சங்குப்பூ, காக்கணம் என்றும் சொல்வோம். பாரமில்லாதது, அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், மிஞ்சினால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். நீலச் சங்குப்பூவும் இளஞ்சிவப்பு நாட்டு ரோசாவும் ஒரே கம்பத்தில் பூத்தால், கனடாப் படத்துக்குப் பதில் படம் அனுப்பலாம். நான் அனுப்பினேன்.

படுவான் பக்கத்துக்கு, கச்சானை மறிக்க, ரங்கூன் மல்லி. ரோசாவிலிருந்து குறைந்தது எட்டு அடி தள்ளி, பலமான கம்பி வேலியில். மாலை பூக்கும்போது வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு. வாசம் ஒழுங்கை முனைவரை போகும். அது வளர்ந்து மறைக்க ஒரு வருடம் எடுக்கும். அதுவரை கிடுகு கட்டுங்கள். இடம் குறைவென்றால் முல்லை போதும். கடதாசிப்பூ அழகுதான், ஆனால் அதற்குக் காய்ந்த மண் வேண்டும், ரோசாவுக்கு ஈரம் வேண்டும். இரண்டையும் ஒரு பாத்தியில் வைத்தால் ஒன்று பூக்காது, மற்றது சாகும். மழையோடு தானாக முளைக்கிற கார்த்திகைப்பூவை விட்டுவைக்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம்: கிழங்கு கடும் நஞ்சு.

உண்மையான கொடி ரோசா கிடைத்தால் தண்டை நேரே மேலே விடாதீர்கள். சாய்த்து, கிடையாகக் கட்டுங்கள். நேரே போனால் நுனியில் மட்டும் பூக்கும். கிடையாகக் கட்டினால் ஒவ்வொரு கணுவிலும் துளிர்த்துப் பூக்கும்.

9. எப்போது எதைச் செய்வது

நடுவதற்கு நல்ல காலம் தைப்பொங்கலுக்குப் பிறகு, பெரிய மழை ஓய்ந்ததும். ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை. வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும், பிறகுதான் கச்சான். ஒக்டோபர் முதல் மழையோடு நடலாம் என்று சொல்வார்கள். மேட்டு வளவென்றால் சரி, எங்கள் பக்கம் கார்த்திகை வெள்ளத்தில் போய்விடும். சித்திரைக்குப் பிறகு யார் சும்மா தந்தாலும் நிலத்தில் நடாதீர்கள், சாடியில் நிழலில் வைத்திருங்கள்.

கவ்வாத்தும் ஜனவரி கடைசியில். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டி ஆறு ஏழு கிழமையில் பூக்கும். சித்திரைப் புதுவருடத்துக்குப் பூ வேண்டுமென்றால் பெப்ரவரி கடைசியில் நுனிகளை வெட்டிவிடுங்கள், கணக்குச் சரியாக வரும். மே முதல் ஓகஸ்ட் வரை கத்தியையும் உரத்தையும் தொடாதீர்கள். காய்ந்து நிற்கிற செடிக்கு உரம் போட்டு நான் ஒன்றைக் கொன்றேன்.

10. எவ்வளவு செலவாகும்

நான் கடைசியாக வைத்த சாடிச் செடிக்கு ஆனது: கன்று 500, பதினாலு அங்குலச் சாடி 900, மாட்டெரு ஒரு உரப்பை 300, செம்மண் இரண்டு பை 400, தும்புத்தூள் கட்டி 450. மொத்தம் 2,550 ரூபாய். எருவும் தும்பும் பாதி மிஞ்சியது, அடுத்த செடிக்கு ஆகும்.

ஆனால் மாமியின் வழியில் செய்தால் கன்றுக்குக் காசே இல்லை. டிசெம்பர் மழையில், பூத்து முடிந்த தண்டில் பென்சில் தடிப்பாக ஒரு சாண் நீளத்துக்கு, நாலு கணு வருகிற மாதிரி, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டுங்கள். மேலே இரண்டு இலை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பாதி நீளம் ஈர மணலுக்குள், நிழலில். ஆறு கிழமைக்கு ஆட்டிப் பார்க்காதீர்கள், என்னைப்போல. பத்துத் தடி வைத்தால் நாலைந்து பிடிக்கும். இப்படி வந்த செடி சொந்த வேரில் நிற்பது. கனடாவில் பனி மேலே கொன்றாலும் அடியிலிருந்து அதே ரோசா வர வேண்டும் என்று சொந்த வேர்க் கன்றைத்தான் தேடி வாங்குகிறார்களாம். எங்களுக்குப் பனி இல்லை, ஆடு இருக்கிறது. போன வருடம் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று என் செடியை நிலமட்டத்துக்கு மேய்ந்துவிட்டுப் போனது. நாற்பது நாளில் அதே இளஞ்சிவப்பு. மொட்டு வரும்போது வேலியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஆடு திரும்ப வரும்.